வடலூரில் அணையாத அடுப்பு

பொழுது விடிவதற்கு முன்பே அங்கே உலை கொதிக்கத் தொடங்கிவிடுகிறது.

அடுப்பு என்றதும் நம் வீட்டு அடுப்பை நினைத்துவிடக் கூடாது. அதன் நீளம் 21 அடி. அகலம் இரண்டரை அடி. ஆழமும் இரண்டரை அடி. அதன் மேல் வரிசையாகப் பெரிய பெரிய அண்டாக்கள். கீழே விறகுக் கட்டைகள் தகதகவென்று எரிகின்றன. ஒரு பக்கம் சோறு. ஒரு பக்கம் குழம்பு. ஒரு பக்கம் கஞ்சி.

வெளியே ஜனங்கள் காத்திருக்கிறார்கள். கைத்தடி ஊன்றிய கிழவர் ஒருவர். இடுப்பில் குழந்தையுடன் ஒரு தாய். வெளியூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அழுக்கு வேட்டியும் பரட்டைத் தலையுமாக ஒரு பரதேசி. எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே சோறு.

"நீ யார்? எந்த ஊர்? என்ன ஜாதி? என்ன மதம்?" இப்படி அங்கே யாரும் கேட்பதில்லை. வந்தவருக்குப் பசிக்கிறதா? அது போதும்.

இது கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்குப் பக்கத்தில் உள்ள வடலூர். அடுப்பு இருக்கும் இடத்தின் பெயர் சத்திய தருமசாலை. அதை நிறுவியவர் வள்ளலார் என்று தமிழ்நாடு கொண்டாடும் இராமலிங்க அடிகள்.

இந்த அடுப்பைக் காலையில் யாரும் புதிதாக மூட்டுவது கிடையாது. ஏன் தெரியுமா? இரவில் பாத்திரங்களை இறக்கிய பிறகும் உள்ளே கட்டை கனன்றுகொண்டே இருக்கும். மறுநாள் அந்தக் கனலிலிருந்தே தீ வளரும். 1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி மூட்டிய நெருப்பு அது. அன்று முதல் இன்று வரை அது அணைந்ததே இல்லை என்பது வடலூர்க்காரர்களின் பெருமை.

கோவில் கட்டியவர்கள் நம் நாட்டில் ஏராளம். சத்திரம் கட்டியவர்களும் உண்டு. ஆனால் புதிதாக ஒரு வழிபாட்டையே தொடங்கியவர், சந்நிதியைக் கட்டுவதற்கு ஐந்து ஆண்டு முன்பே அடுப்பைக் கட்டினார் என்றால், அது யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

அண்ணி இட்ட சோறு

வள்ளலார் 1823-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ந் தேதி மருதூரில் பிறந்தார். சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள சிற்றூர் அது. தகப்பனார் இராமையா பிள்ளை, கிராமக் கணக்கர். தாயார் சின்னம்மையார். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே தகப்பனார் காலமானார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரி சென்றார். பிறகு சென்னைப் பட்டணத்திற்கு வந்தார். மூத்த அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பியைப் படிக்க அனுப்பினார் அண்ணன். பையனோ படிப்பில் நாட்டம் கொள்ளவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதி என்று கிடந்தான். பாட்டுக் கட்டிப் பாடினான். அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அவனுக்கு வீட்டில் சோறு போடாதே" என்று மனைவிக்குக் கட்டளையிட்டார்.

அண்ணியின் பெயர் பாப்பாத்தி அம்மாள். பிள்ளை பட்டினி கிடப்பதை அந்த அம்மாளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கணவர் இல்லாத நேரத்தில் மைத்துனனைக் கொல்லைப்புறமாக அழைத்துச் சோறு போட்டார்.

ஒரு நாள் மாமனாருடைய திதி. வந்தவர்கள் எல்லாம் விருந்துண்டு போனார்கள். வீட்டுப் பிள்ளை மட்டும் யாருக்கும் தெரியாமல் பின்புறம் உட்கார்ந்து சாப்பிட்டான். அதைக் கண்டு அண்ணியின் கண்கள் கலங்கின. "தம்பி, நீ படித்துவிட்டால் இந்தத் திருட்டுச் சோறு தின்ன வேண்டாமே!" என்று தேம்பினார்.

பையன் மனம் உருகியது. மாடியில் தனக்கு ஓர் அறை கொடுக்கும்படி கேட்டான். அந்த அறைச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டினான். அதன் முன் விளக்கேற்றி வைத்து உட்கார்ந்தான். அந்தக் கண்ணாடியிலே முருகனைக் கண்டான் என்பது அன்பர்கள் சொல்லும் வரலாறு.

இன்னொரு கதையும் உண்டு. ஓர் இரவு திருவொற்றியூர்க் கோவிலிலிருந்து வெகு நேரம் கழித்துத் திரும்பினார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டி எழுப்ப மனம் வராமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அப்போது அண்ணி வந்து எழுப்பிச் சோறு போட்டார். சிறிது நேரம் கழித்து அண்ணி மறுபடியும் வந்து, "சாப்பிட வா" என்று கூப்பிட்டார்! முதலில் வந்தது யார்? திருவொற்றியூர் வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்தாள் என்று சொல்வார்கள்.

இந்தக் கதைகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதைகளிலே பசித்த பிள்ளை ஒருவன் இருக்கிறான். சோறு இட்ட கை ஒன்று இருக்கிறது. கண்ணாடியும் விளக்கும் இருக்கின்றன. பின்னாளில் வடலூரில் அவர் அமைத்தவையும் இவைதாம்.

பட்டணத்தை விட்டார்

இராமலிங்கர் வளர்ந்தார். தமிழில் பெரும் புலமை பெற்றார். 1850-ம் ஆண்டில் தமக்கை மகளை அவருக்கு மணம் செய்து வைத்தார்கள். ஆனால் இல்லற வாழ்க்கையில் அவர் மனம் செல்லவில்லை.

1858-ம் ஆண்டில் சென்னையை விட்டுப் புறப்பட்டுச் சிதம்பரம் போனார். பிறகு வடலூருக்கு அருகே உள்ள கருங்குழி என்னும் கிராமத்தில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஒன்பது ஆண்டுகள் அந்த வீடே அவருக்கு இருப்பிடம். எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றியபோதும் விளக்கு எரிந்தது என்று சொல்லப்படும் அதிசயம் அந்த வீட்டில்தான் நடந்ததாம்.

காவி உடுத்தவில்லை. ஜடை வளர்க்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியால் தலையையும் உடலையும் போர்த்துக்கொள்வார். அவ்வளவுதான் அவர் வேஷம்!

கிராமத்தில் இருந்தபோது ஏழை ஜனங்கள் படும் பாட்டை அவர் அருகிலிருந்து பார்த்தார். மழை பொய்த்தால் பயிர் கருகும். பயிர் கருகினால் வயிறு காயும். ஜாதிச் சண்டை ஒரு பக்கம். சமயச் சண்டை மறு பக்கம். "என் சாமி பெரிது, உன் சாமி சிறிது" என்று வாதம் செய்பவர்களுக்கு, வாசலில் பசியால் சுருண்டு கிடப்பவன் கண்ணில் படவில்லை.

1865-ம் ஆண்டில் அடிகள் ஒரு சங்கம் தொடங்கினார். சமரச வேத சன்மார்க்க சங்கம் என்பது அதன் பெயர். பின்னர் 1872-ல் அதைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று மாற்றினார். பெயர் நீளம், பொருள் எளிது. எல்லோருக்கும் பொதுவான நல்ல வழியில் நடப்பவர்களின் கூட்டம் என்பதே அது.

கடவுள் ஒருவர். அவர் அருள் வடிவான ஜோதி. எல்லா உயிரும் அவருக்கு வீடு. ஆகையால் உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதே அவரை வழிபடும் முறை. இதுதான் அந்தச் சங்கத்தின் கொள்கை. இந்த இரக்கத்திற்கு அடிகள் இட்ட பெயர் ஜீவகாருண்யம்.

முதலில் சாலை

1866-ம் ஆண்டு பெரும் பஞ்சம். ஒரிசாவிலும், சென்னை மாகாணத்தின் வட பகுதியான கஞ்சம் ஜில்லாவிலும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள்.

மறு ஆண்டு அடிகள் வடலூரில் தருமசாலை அமைத்தார். நிலத்திற்கு எங்கே போவது? பார்வதிபுரம் கிராமத்துக் குடியானவர்கள் முன்வந்தார்கள். 80 காணி நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 106 ஏக்கர்! ராஜா கொடுத்த மானியம் அல்ல அது. ஏர் பிடிக்கும் மக்கள் கொடுத்த நிலம்.

1867-ம் ஆண்டு வைகாசி மாதம், வியாழக்கிழமை அன்று அடுப்பு மூட்டப்பட்டது. அன்றைக்கு அடிகள் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலிலிருந்து ஒரு பகுதியைக் கூட்டத்தில் படிக்கச் செய்தார்கள். இலையில் சோறும் விழுந்தது. காதில் அதன் காரணமும் விழுந்தது.

அந்த நூலில் அடிகள் என்ன சொன்னார்?

பசி வந்தால் உடம்பின் ஒவ்வோர் உறுப்பும் என்ன பாடுபடும் என்று, வைத்தியர் நோயாளியைப் பார்த்துச் சொல்வது போல வரிசையாகச் சொன்னார். அரசனானாலும், வீரனானாலும், ஞானியானாலும் பசி வந்தால் நிலை குலைவான் என்றார். ஆகவே தருமங்களில் முதல் தருமம் பசி தீர்ப்பதுதான். மோட்சத்தின் கதவைத் திறக்கும் சாவியே அதுதான் என்றார்.

சோறு போடுகிறவன் வந்தவனுடைய ஊரையும் சமயத்தையும் ஜாதியையும் நடத்தையையும் விசாரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். குடும்பஸ்தர்களுக்கும் ஒரு யோசனை சொன்னார். வீட்டில் கல்யாணமா? பிள்ளைப் பேறா? புது வீடு கட்டுகிறீர்களா? நீங்காத நோயா? ஆடம்பரத்துக்குச் செலவு செய்யாமல், இயன்ற வரை ஏழைகளின் பசியைத் தீருங்கள். நன்மை உண்டாகும் என்றார்.

சாலையோடு அவர் நின்றுவிடவில்லை. படிக்காத பெரியவர்களுக்குத் திருக்குறள் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். எழுபது வயதுக் கிழவரும் எழுத்து அறியாத உழவரும் குறள் கேட்டார்கள்.

குடும்பச் சடங்குகளிலும் அவர் கை வைத்தார். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை அறுக்க வேண்டாம் என்றார். மனைவி இறந்தால் கணவன் மறுமணம் செய்துகொள்ள வேண்டாம் என்றார். கருமாதி, திதி என்று செலவு செய்வதற்குப் பதிலாக ஏழைகளுக்குச் சோறு போடுங்கள் என்றார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நின்றுகொண்டு இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

வழக்கு மன்றம் வரை

எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது.

அடிகள் பாடிய பாடல்களை அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாரும் மற்ற அன்பர்களும் சேர்ந்து 1867-ம் ஆண்டில் திருவருட்பா என்ற பெயரில் அச்சிட்டார்கள். அதன் பகுதிகளுக்குத் திருமுறை என்று பெயர் வைத்தார்கள்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இதைக் கண்டித்தார். நாவலர் சாமானியர் அல்லர். ஏட்டுச் சுவடிகளில் கிடந்த தமிழ் நூல்களை அச்சேற்றியவர். சைவத்தைக் காக்க உயிரையும் கொடுக்கக் கூடியவர். தேவாரம், திருவாசகம் போன்றவையே திருமுறை. நேற்றுப் பாடியவருடைய பாட்டுக்கு அந்தப் பெயர் ஏது என்பது அவர் கேள்வி. இரு பக்கத்தாரும் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டு மோதிக்கொண்டார்கள். 1869-ல் விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போயிற்று. அருட்பா, மருட்பா என்ற அந்தச் சண்டை இருவரும் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் ஓயவில்லை.

ஆனால் இதற்குள்ளே ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். யாழ்ப்பாணத்தையும் பஞ்சம் விடவில்லை. அப்போது நாவலர் என்ன செய்தார்? வீடு வீடாகப் பொருள் திரட்டிக் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளைக் காப்பாற்றினார்!

பாட்டைப் பற்றிச் சண்டையிட்ட இரண்டு பெரியவர்களுக்கும் கஞ்சியைப் பற்றி அபிப்பிராய பேதம் இல்லை.

ஏழு திரைகள்

தருமசாலை நடந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, 1872-ம் ஆண்டு ஜனவரி மாதம் 25-ந் தேதி தைப்பூசத்தன்று, சத்திய ஞான சபை திறக்கப்பட்டது.

அது கோவில் போல இருக்காது. கோபுரம் கிடையாது. எட்டுப் பட்டையாக அமைந்த மண்டபம் அது. அதன் அமைப்பை வகுத்தவர் அடிகளே. உள்ளே சிலை இல்லை. ஒரு விளக்கு, அதன் முன்னால் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் பல நிறமும் கலந்த திரை.

மனிதனுடைய அறியாமைதான் திரை. அது ஒவ்வொன்றாக விலகினால் உள்ளே இருக்கும் ஜோதி தெரியும். இதைப் படிக்காதவரும் கண்ணால் கண்டு புரிந்துகொள்ளும்படி அடிகள் செய்துவைத்தார். மாதப் பூசத்தன்று ஆறு திரைகள் விலகும். தைப்பூசத்தன்று மட்டும் ஏழு திரைகளும் விலகும். அன்று முதல் மறுநாள் விடியற்காலை வரை ஆறு வேளை ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். திறந்த பெருவெளியில் மனிதத் தலைகளாகவே தெரியும்!

1872-ம் ஆண்டு ஜூலையில் வழிபாட்டு விதிகளை அடிகள் எழுதினார். தேங்காய், பழம், பூ ஒன்றும் வேண்டாம். ஆரவாரம் வேண்டாம். அமைதியாக நின்று மெல்லிய குரலில் துதித்தால் போதும். விளக்கேற்ற உள்ளே செல்பவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முதியவராகவோ இருக்க வேண்டும். அவர் எந்த ஜாதியில் பிறந்தார் என்பது விதியில் இல்லை!

இரண்டு வாசல்கள்

வடலூருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு.

ஞான சபையின் வாசலில் ஒரு நிபந்தனை உண்டு. உயிர்க்கொலையையும் மாமிசம் உண்பதையும் விட்டவர்களே உள்ளே வரலாம். மற்றவர்கள் வெளியே நின்று வணங்க வேண்டும்.

தருமசாலையின் வாசலிலோ எந்த நிபந்தனையும் கிடையாது. மாமிசம் தின்கிறவனா? வரட்டும். குடிகாரனா? வரட்டும். கடவுளே இல்லை என்பவனா? அவனும் வரட்டும். பசி என்றால் இலை போட வேண்டியதுதான்.

ஜோதியைப் பார்ப்பதற்குத் தகுதி வேண்டும். சோறு உண்பதற்குப் பசி ஒன்றே போதும். வள்ளலார் செய்த புதுமை இதிலே அடங்கியிருக்கிறது. பல இடங்களில் முதலில் "எங்கள் கூட்டத்தில் சேர்" என்பார்கள். பிறகு சோறு போடுவார்கள். இங்கே சோறு மட்டும் உண்டு. "சேர்" என்ற பேச்சு இல்லை.

கொள்வார் இல்லை

இவ்வளவு செய்த அடிகள் மகிழ்ச்சியோடு இருந்தாரா? இல்லை.

சோறு உண்ண வந்தார்கள். அற்புதம் பார்க்க வந்தார்கள். நோய் தீர வந்தார்கள். ஆனால் ஜாதியை விட வந்தவர்கள் எத்தனை பேர்? சமயச் சண்டையை விட வந்தவர்கள் எத்தனை பேர்? தாம் சொன்னதைக் கேட்டு நடப்பவர் இல்லையே என்று அவர் மனம் நொந்தார்.

வடலூருக்கு அருகில் மேட்டுக்குப்பம் என்ற சிற்றூர். அங்கே சித்தி வளாகம் என்று தாம் பெயரிட்ட சிறு வீட்டில் அடிகள் தங்கியிருந்தார். 1873-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந் தேதி அங்கே சன்மார்க்கக் கொடியை ஏற்றினார். மஞ்சளும் வெள்ளையும் கொண்ட கொடி. அன்று நீண்ட உபதேசம் செய்தார். தாமும் ஒரு காலத்தில் ஒரு சமயத்தில் மட்டும் பற்று வைத்திருந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பற்றைத் தாம் விட்டது போல நீங்களும் விடுங்கள் என்றார்.

சில வாரங்கள் கழித்து, அறைக்குள் இருந்த விளக்கை எடுத்து வந்து வெளியே வைத்தார். இதைத் தடையின்றி வழிபடுங்கள் என்றார்.

1874-ம் ஆண்டு ஜனவரி மாதம் 30-ந் தேதி, தைப்பூச இரவு. அடிகள் அறைக்குள் சென்றார். கதவைச் சாத்திக்கொண்டார். திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பது. அவர் உடல் ஜோதியில் கலந்தது என்பது அன்பர்களின் நம்பிக்கை. 1878-ல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லா பற்றிய அரசாங்க நூலில் கலெக்டர் கார்ஸ்டின் துரை இந்தச் சம்பவத்தைக் குறித்திருக்கிறார்.

இன்றும் தைப்பூசம் முடிந்த இரண்டாம் நாள் அந்த அறைத் தரிசனத்திற்காக ஜனங்கள் மேட்டுக்குப்பம் செல்கிறார்கள்.

கனலைக் காத்தவர்கள்

தலைவர் மறைந்துவிட்டார். கூட்டம் கலைந்ததா? அடுப்பு அணைந்ததா?

அடுப்பைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். கதிர் அறுத்தவுடன் ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து போட்ட உழவன். தோட்டத்துப் பூசணியைத் தலையில் சுமந்து வந்த கிழவி. விறகு வெட்டிக் கொடுத்த கூலியாள். தைப்பூச சமயத்தில் மூட்டை மூட்டையாக அரிசியும் காய்கறியும் வந்து குவிகின்றன. அன்று நிலம் கொடுத்த பார்வதிபுரத்தார் தாய் வீட்டுச் சீர் போலத் தட்டு எடுத்து வருகிறார்கள்.

பெரிய பதவியில் இருந்தவர்களும் உண்டு. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வள்ளலாரின் அன்பர். பதவியை விட்ட பின் வடலூருக்கே வந்து தங்கி, சுத்த சன்மார்க்க நிலையம் என்ற நிலையத்தை அமைத்தார். கடைசிக் காலத்தை அங்கேயே கழித்தார்.

தமிழ்நாட்டில் மட்டுமின்றி, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும் சன்மார்க்க சங்கங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. யாரோ ஓர் அன்பர் வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றி வைப்பார்கள். அகவல் படிப்பார்கள். பிறகு தெருமுனையில் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வருவோர் போவோரைக் கூப்பிடுவார்கள். பூசாரியும் இல்லை, தட்சிணையும் இல்லை.

சச்சரவு வராமல் இல்லை. உருவம் வேண்டாம் என்று அடிகள் வகுத்த சபையிலேயே, காலப்போக்கில் லிங்க வழிபாடும் சடங்குகளும் நுழைந்தன. அன்பர்கள் ஆட்சேபித்தார்கள். அடிகள் வகுத்த முறையிலேயே வழிபாடு நடக்க வேண்டும் என்று 2006-ல் அறநிலையத் துறை உத்தரவிட்டது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வள்ளலார் பிறந்த அக்டோபர் 5-ந் தேதி, தனிப்பெருங்கருணை நாள் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2024-ல் வடலூர்ப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜோதியைப் பார்க்க ஜனங்கள் கூடும் பெருவெளி வெளியாகவே இருக்க வேண்டும் என்று ஒரு சாரார் மறுத்தனர். அது வழக்காகவும் ஆயிற்று.

வள்ளலார் கேட்டது கட்டடம் அன்று, மனமாற்றம். அது நடந்ததா? ஜாதி ஒழிந்ததா? கொலை நின்றதா? வடலூருக்குப் போய் ஜோதியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஊருக்குத் திரும்பியதும் பழைய ஜாதித் தெருவிலே நுழைந்துகொள்கிறவர்கள் எத்தனை பேர்! அவர் நொந்துகொண்டதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒரு பங்கு நிறைவேறியிருக்கிறது.

அவருடைய தத்துவத்தை எல்லோரும் படிக்கவில்லை. ஆயிரக்கணக்கான அருட்பாப் பாடல்களை மனப்பாடம் செய்தவர் சிலரே. ஆனால் அடுப்பில் கட்டையைத் தள்ளுவதற்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

மத்தியானப் பந்தி முடிந்தது. இலைகளை எடுத்தாகிவிட்டது. அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்தாகிவிட்டது. அப்போது வெயிலில் நடந்து களைத்த ஒருவர் வாசலில் தயங்கி நிற்கிறார். உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஏனய்யா நிற்கிறீர்? வாரும், உட்காரும்!"

அடுப்பில் கனல் இருக்கிறது. கஞ்சி சூடாக நேரம் ஆகாது.